இல்லாத வேகத்தடை

போன் அடித்தது.

டேஷ்போர்டில் செருகி வைத்திருந்த செல்போன். திரையில் ஒரே ஒரு வார்த்தை... 'வொய்ஃப்'.

கார் ஓட்டிக்கொண்டிருந்தவனின் கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. கார் ஒரு ஆட்டம் ஆடி நேரானது.

அவனுடைய வொய்ஃப் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

"எடுங்க மாமா" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்தவள். "அக்கா கூப்பிடுறா."

"விளையாடாத."

"நான் எங்க விளையாடினேன்? என் ரெண்டு கையும் மடியிலதான் இருக்கு."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஜன்னல் வழியே கடல்காற்று ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. வியர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"அந்த நம்பரை வேற யாருக்காவது குடுத்திருப்பானுங்க. ராங் கால்."

"இருக்கும். ஆனா இன்னும் 'வொய்ஃப்'னே வெச்சிருக்கீங்களே. பாசமா, இல்ல அழிக்க மறந்துட்டீங்களா?"

அவன் ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. குடும்பத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'தங்கமான மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். நாமும் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். உரசிப் பார்க்கும் நேரம் இனிமேல்தான் வரப்போகிறது.

அவள் தங்கத்தின் மச்சினி. செத்துப்போனவளின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

போன வருஷம் வரை அந்த ஸ்கூலில் கூட்டம் அலைமோதியது. இப்போது வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தையல்காரம்மா, ஒரு பல் டாக்டர், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்... அவ்வளவுதான்.

காரணம்? பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறானே, இந்தத் தங்கம்தான்!

அக்காவின் பிணம் கூடத்தில் கிடந்தபோது, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"நான் போட்டோ எடுக்க இறங்கினேன். அவதான் ஸ்டீயரிங்ல உக்காந்திருந்தா. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டா. கார் அப்படியே கடலுக்குள்ள... எவ கத்துக்குடுத்தாளோ, அவளைக் கேளுங்க!"

எல்லோரும் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள். கற்றுக்கொடுத்தவள் அவள்தானே?

பெற்ற அம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து இன்று வரை அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டீச்சருக்கு அன்று அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாக அதே கோபம். பல் தேய்க்கும்போதும் கோபம். சிக்னலில் நிற்கும்போதும் கோபம். ராத்திரி பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போதும் கோபம்.

பாப்பா... அக்காவின் நாலு வயசு மகள். அம்மா போன நாளிலிருந்து சித்தியிடம்தான் வளர்கிறாள். நாளைக் காலையில் தங்கம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். வேறு நாட்டில் வேலையாம். பெற்ற அப்பன் கேட்டால் சித்தி என்ன செய்ய முடியும்? அக்காவின் வீடு பாப்பா பெயருக்கு வந்திருக்கிறது. பாப்பா எவன் கையிலோ, வீடும் அவன் கையில். ஒரு வருஷம் மகளின் முகத்தைக்கூட எட்டிப் பார்க்காதவனுக்குத் திடீரென்று பாசம் பொங்கியதன் ரகசியம் அதுதான்.

"நாளைக்கு நானே பாப்பாவைக் குளிப்பாட்டி, டிரஸ் பண்ணி அனுப்பறேன் மாமா. அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன்" என்று கேட்டிருந்தாள். "அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை... அக்கா போன இடத்தை எனக்குக் காட்டுங்க."

தங்கம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். சண்டையில்லாமல் காரியம் முடிந்தால் நல்லதுதானே?

கிளம்பும்போதே சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"குடு, நானே ஓட்டறேன். உங்க வீட்டுப் பொம்பளைங்க ஓட்டினா என்ன ஆகும்னுதான் பாத்தாச்சே."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

"வாடகைக் கார் மாமா. ஹேண்ட் பிரேக் பிடிக்காது. நிறுத்தினா கியர்ல போட்டு நிறுத்துங்க."

"டீச்சரம்மா எனக்கே கிளாஸ் எடுக்குறாங்க" என்று சிரித்தான். "அது என்ன, காலடியில அவ்வளவு பெரிய பை? பின்னாடி போடேன்."

"பிளாஸ்க்ல டீ இருக்கு. சாஞ்சிடும்."

பெண்கள் உட்காரும் இடத்தை எல்லாம் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை அவன். விட்டுவிட்டான்.

---

கடலுக்குள் விரலை நீட்டியது போன்ற நிலம் அது. இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் ஒரே ரோடு. விரல் நுனியில் ஒரு லைட்ஹவுஸ், அதன் கீழே ஒரு வியூ பாயின்ட்.

சீசனில் இந்த ரோட்டில் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது ஒரு ஈ, காக்கா இல்லை. ஐஸ்கிரீம் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. நீச்சல் உடை விற்கிற கடையில் தலையில்லாத பொம்மைகள் மூன்று கண்ணாடிக்குப் பின்னால் அம்மணமாக நின்றன. வாடகை சைக்கிள்களை ஒரே சங்கிலியில் கோர்த்துப் பூட்டியிருந்தார்கள். ரோட்டின் ஓரமெல்லாம் மணல்.

"யாருமே இல்லாத நேரத்துல எதுக்கு மாமா அக்காவை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? அவதான் பிடிவாதம் பிடிச்சா. கூட்டம் இல்லாம கடலைப் பாக்கணும்னா."

"அதுக்கு முன்னால நீங்க வந்ததில்லையா?"

"அன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட். இன்னிக்கு ரெண்டாவது. போலீஸ்லயும் இதைத்தான் சொன்னேன். எத்தனை தடவை கேப்ப?"

"இல்ல, நல்லா ஓட்டறீங்களே. ரோடு பழகின மாதிரி."

"ஒரே ரோடு. இதுல பழக என்ன இருக்கு?"

 டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தொழிலில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் தப்ப முடியாது. காலைத்தான் பார்க்க வேண்டும். வாய் ஆயிரம் கதை விடும். கால் என்ன செய்யப் போகிறது என்பதுதான் டீச்சருக்குக் கணக்கு.

அவள் அவன் வலது காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூடிக் கிடந்த ஒரு பெரிய ஹோட்டல் வந்தது. கேட்டில் பலகை... 'அடுத்த சீசனில் சந்திப்போம்'. தங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் சுளுக்கு பிடித்தவன் போல நேரே பார்த்தான்.

ஆனால் கால்...

ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. பிரேக்கைத் தொட்டது. கார் ஊர்ந்தது. தங்கம் சீட்டிலிருந்து லேசாக உடம்பைத் தூக்கிக்கொண்டான். பிறகு மறுபடி ஆக்சிலேட்டர்.

ரோட்டில் ஒன்றுமே இல்லை. மழமழவென்ற தார்.

'ஒண்ணு' என்று டீச்சர் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். 

படகுத்துறை வந்தது. மறுபடி கால் எழுந்தது. கார் ஊர்ந்தது. உடம்பு தூக்கிக்கொண்டது. ரோட்டில் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் போன்ற ஒரு கட்டிடம், பூட்டிய கார் பார்க்கிங், அதைத் தாண்டி ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் மூன்றாவது தடவை...

"எதுக்கு மாமா ஸ்லோ பண்றீங்க?"

"ஸ்பீட் பிரேக்கர்..."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் ரோட்டைப் பார்த்தான்.

"எங்க?"

தங்கம் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"எங்க மாமா ஸ்பீட் பிரேக்கர்? எனக்குத் தெரியலையே. ரெண்டு வரிசையா ஓட்டைதான் தெரியுது. போல்ட் அடிச்ச ஓட்டை."

"அதான்... ஓட்டையைப் பாத்து ஸ்லோ பண்ணினேன்."

"பொய். சீசனுக்கு மட்டும்தான் இங்க ரப்பர் மேடு வெச்சு போல்ட் அடிப்பாங்க. சீசன் முடிஞ்சதும் கழட்டி குடோன்ல போட்டுடுவாங்க. இல்லன்னா மணல் சேந்து ரோடே அடைச்சிடும். அக்கா செத்தப்புறம் லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் இங்க வந்து நின்னிருக்கேன். சீசன்லயும் வந்திருக்கேன், இப்படிக் காஞ்சு கிடக்கும்போதும் வந்திருக்கேன். எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு... உங்கக்காவோட வந்தப்ப பாத்திருப்பேன்."

"அன்னிக்கும் ஆஃப் சீசன்தான். அன்னிக்கும் ரோடு மொட்டையாத்தான் இருந்துச்சு."

கார் போய்க்கொண்டிருந்தது. தங்கம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஒரு தடவை, ரெண்டு தடவை வந்திருந்தா உங்க மூளைக்குத்தான் தெரியும். காலுக்குத் தெரியாது. பேசிக்கிட்டே வரும்போது கால் தானா எழுந்திருக்குதுன்னா, இந்த ரோட்டுல சீசன் முழுக்க ஓட்டியிருக்கீங்க. அந்த ஹோட்டல் பக்கம் ஏன் திரும்பல? உள்ள யார் மாமா?"

மறுபடி போன் அடித்தது.

'வொய்ஃப்'.

"அதைக் கட் பண்ணித் தொலை!" தங்கம் கத்தினான்.

டீச்சர் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். சத்தம் நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கட் பண்ணிட்டேன்."

---

வியூ பாயின்ட்.

சிமெண்ட் போட்ட சரிவு. சரிவின் முடிவில் விளிம்பு. விளிம்புக்குக் கீழே பாறை, அலை. சீசனில் அங்கே தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் தடுப்புகள் வரிசையாக நிற்கும். இப்போது அதுவும் குடோனில். ஒரே ஒரு கயிறு கட்டி, 'ஜாக்கிரதை' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பெண் செத்ததற்கு ஊர் நிர்வாகம் செய்த மரியாதை அந்தக் கயிறுதான்.

தங்கம் சரிவின் உச்சியில் காரை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தான்.

"நீ என்னதான் சொல்ல வர?" குரல் இப்போது நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

"எங்கக்கா ஆக்சிலேட்டரை மிதிச்சான்னு ஊரே நம்புது. எங்கம்மா நம்புறாங்க. நான் ஒரு நிமிஷம்கூட நம்பல. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"அவளுக்குப் பயம் வந்தா எதையும் மிதிக்க மாட்டா. ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வெச்சுக்குவா. சின்னப் பொண்ணு தரையில பூச்சியைப் பாத்த மாதிரி. எத்தனை தடவை திட்டியிருக்கேன்... 'ஏய், காலை இறக்குடி'ன்னு. என் ஸ்டூடண்ட்லயே மோசமான ஸ்டூடண்ட் அவதான். ஆனா தப்பா மிதிக்கிற ஸ்டூடண்ட் இல்ல."

தங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

சிரித்தான்.

"ஆமா. அப்படித்தான் தூக்கி வெச்சுக்கிட்டா."

 அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது டீச்சரின் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"எங்க இருந்து பாத்தீங்க?" அவள் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை.

"வெளிய நின்னு. இதே இடத்துல. அவ ஸ்டீயரிங்ல இல்ல, நீ உக்காந்திருக்கியே, அந்த சீட்டுல இருந்தா. நான் நியூட்ரல்ல தட்டிட்டு இறங்கிட்டேன். கதவைத் திறக்கக்கூடத் தோணல அவளுக்கு. காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டுப் போனா."

"சண்டாளா..."

"திட்டு. நல்லாத் திட்டு. ஹோட்டல்ல யாருன்னு கேட்டல்ல? ரிசப்ஷனிஸ்ட். சீசன் முடிஞ்சா தடுப்பையெல்லாம் கழட்டிடுவாங்கன்னு அவதான் பேச்சுவாக்குல சொன்னா. அதுக்கு மேல அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்கக்காவும் டைவர்ஸ் குடுக்க மாட்டேன், வீட்டையும் விட மாட்டேன்னா. நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதா? பாப்பாவுக்கு அப்ப மூணு வயசுடா!"

"மாமான்னு சொல்லிட்டு இப்ப 'டா'வா?" தங்கம் தன் பெல்ட்டைக் கழற்றினான். "இதையெல்லாம் ஏன் உன்கிட்ட சொல்றேன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"நீதான இங்க வரணும்னு கேட்ட? உங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். அக்கா செத்த இடம். கத்துக்குடுத்தவ இவ. குத்தவுணர்ச்சி. நான் ஒரு நிமிஷம் இறங்கினேன், அதுக்குள்ள... ஐயோ பாவம்னு எல்லாரும் அழுவாங்க. நானும் அழுவேன். எனக்கு நல்லா அழ வரும்."

"பாப்பா?"

"என் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

கியரை நியூட்ரலில் தட்டினான்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு நீயே சொன்ன. தேங்க்ஸ்."

கதவைத் திறந்து குதித்தான்!

கார் நகர்ந்தது.

முதலில் மெதுவாக... பிறகு வேகமாக... திறந்த கதவு காற்றில் அடித்துக்கொண்டது. விளிம்பு நெருங்கியது. கயிறு நெருங்கியது. கண்ணாடி முழுக்கக் கடல்.

தங்கம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான். இரண்டு காலும் சீட்டு மேல் ஏறும் என்று எதிர்பார்த்தான்.

டீச்சரின் கால் ஏறவில்லை.

காலடியில் இருந்த பையை எட்டி உதைத்தது.

அழுத்தியது.

கிறீச்...!

டயர்கள் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு நின்றன. 'ஜாக்கிரதை' அட்டை பானெட்டில் டக் டக்கென்று இரண்டு தட்டு தட்டிவிட்டு அமைதியானது.

தங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டீயரிங்கில் யாருமே இல்லை. கார் நிற்கிறது! தானாக நிற்கிறது!

டிரைவிங் ஸ்கூல் கார் எதுவானாலும் கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மச்சினியின் தொழிலைக் கிண்டல் செய்யத் தெரிந்தவனுக்கு, ஒரு நாளாவது அந்தக் காரில் ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. கூரை மேல் இருந்த ஸ்கூல் போர்டை டீச்சர் காலையில்தான் கழற்றி வீட்டில் வைத்திருந்தாள். மிச்சத்தைப் பை மறைத்துக்கொண்டது.

டீச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் கல் மாதிரி நின்றது.

அது நன்றாகவே பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னதுதான் அன்றைக்கு அவள் சொன்ன பெரிய பொய். வாடகைக் கார் என்பது சின்னப் பொய். தங்கம் ஒரு வருஷமாகச் சொன்னதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொய்யா?

கவிழ்ந்திருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மேடம்... கேட்டுச்சா?"

"ஒரு வார்த்தை விடாம ரெக்கார்ட் ஆயிருச்சு டீச்சர். அந்தப் பிரேக் சத்தம் உட்பட. எனக்கு உயிரே போயிருச்சு. ஒரு பொய் மட்டும் பிடிச்சுக் குடுங்கன்னுதானே கேட்டேன்? இப்படியா பண்றது?"

"இது என்னோட ஸ்டைல் மேடம்."

'வொய்ஃப்' நம்பரை உயிர்ப்பிப்பது இன்ஸ்பெக்டருக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. முதல் கால், அவன் முகம் என்ன ஆகிறது என்று டீச்சர் பார்ப்பதற்கு. இரண்டாவது, எடுப்பதற்கு. டீச்சர் அதைக் கட் பண்ணவே இல்லை.

லைட்ஹவுஸ் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு போலீஸ் ஜீப் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது... துள்ளியது. நின்றது. உறுமியது. மறுபடி துள்ளியது.

தங்கம் ஓட்டம் பிடித்தான். பிடித்து என்ன செய்ய? இரண்டு பக்கமும் கடல், இருப்பதே ஒரு ரோடு. அந்த ரோட்டில் ஜீப் குறுக்கே வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து குதித்த இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டினார்கள். வாய் நிறைய மணல். தங்கம் இப்போது உண்மையாகவே அழுதான். இன்றைக்கு அவ்வளவு நன்றாக வரவில்லை.

டீச்சர் காரிலிருந்து இறங்கினாள்.  நேரே அவனிடம் போனாள். ஒரே ஓர் அறை. கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"இது எங்கக்காவுக்கு. பாப்பா பேருக்கு ஒண்ணு இருக்கு. கோர்ட்ல வாங்கிக்க."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த ரெக்கார்டை எங்கம்மாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டணும் மேடம்."

"மொத வேலையே அதுதான் டீச்சர். நானே வந்து காட்டறேன். பாப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. நாளைக்கு ஊருக்குப் போகலன்னு மட்டும் சொல்லுங்க."

தங்கத்தை ஜீப்பின் பின்சீட்டில் திணித்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். ஜீப் ஒரு துள்ளு துள்ளி, விளிம்பைப் பார்த்து இரண்டடி உருண்டது.

தங்கத்தின் இரண்டு காலும் சட்டென்று சீட்டு மேல் ஏறிக்கொண்டன.

"மேடம்... நீங்களா... நீங்களா ஓட்டப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"பயப்படாதய்யா. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். கத்துக்குடுத்தது யாருன்னு நினைச்ச?"